இருபத்திரண்டு துடிப்பு அதிகம்

"அரைஞாண் கயித்துல தாயத்து ஏதாவது இருக்கா, சார்?"

கவியரசன் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவே இல்லை. வாட்ச், பெல்ட், மோதிரம் எல்லாவற்றையும் தட்டில் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரி கொடுத்த நீல அங்கியில் பாதி மானத்தோடு நின்றுகொண்டிருந்தான். வைட்ஃபீல்டில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மெஷினுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவன்... தான் எழுதியதைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்க்க வந்திருந்தான். கேட்டவள் நிக்கோல், ஸ்கேன் எடுக்கிற டெக்னீஷியன். மாஸ்க் போட்டிருந்ததால் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. மை தீட்டிய, சிரிப்பை அடக்கத் தெரியாத கண்கள்...

"இருக்குங்க," என்றான் தரையைப் பார்த்து. "அம்மா கட்டுனது."

"கழட்டிக் குடுங்க. காந்தத்துக்கு அம்மா சென்டிமென்ட் எல்லாம் புரியாது."

திரும்பி நின்று கழற்றிக் கொடுத்தான். "பத்திரம் மேடம். தொலைஞ்சா விழுப்புரத்துலேர்ந்து கிளம்பி வந்துருவாங்க."

அந்தக் கண்கள் சிரித்தே விட்டன. வெளியே மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. பெங்களூர் மழைக்கு எப்போதுமே நேரம் காலம் தெரியாது.

விஷயம் என்னவோ விளையாட்டு இல்லை. இதயம் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில், நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் கிட்டத்தட்ட அசையாமல் இருக்கும். அப்போது எடுத்தால் இதயத்தின் ரத்தக்குழாய் தெளிவாக விழும். தவறினால் கலங்கிப்போகும். நிக்கோல் முதலில் இதயம் அசைவதைக் குட்டிப் படமாக ஓடவிட்டு, குழாய் எப்போது நிற்கிறது என்று ஆளுக்கு ஆள் கண்ணால் பார்த்து நேரம் குறிப்பாள். மூன்று வருடமாக அப்படித்தான். கவியரசனின் சாஃப்ட்வேர் நாடித்துடிப்பை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். இன்று இரண்டு முறையிலும் ஒவ்வொரு ஸ்கேன். எது தெளிவோ அதுதான் இனிமேல், நிக்கோல் தோற்றால் முட்டி, முதுகெலும்பு ஸ்கேன் எடுக்கப் போகலாம் என்று டாக்டர் வேதநாயகி சொல்லியிருந்தார்.

"கணக்கு தப்பாது மேடம்," என்றான் படுத்துக்கொண்டே.

"ரெண்டு பேருக்கு ஒரே நாடி இருக்கும் சார். ஒரே இதயம் இருக்காது. ஆடாம படுங்க."

முதலில் அவன் கணக்கு. மெஷினில் பதிந்து வைத்த குரல் மூச்சை நிறுத்தச் சொன்னது. நிறுத்தினான்.

அடுத்தது அவள் குறித்த நேரம். "இந்தத் தடவை நானே சொல்றேன்..." ஹெட்போனில் அவள் குரல். "மூச்சை இழுங்க... விடுங்க... அப்படியே நில்லுங்க..."

ஐயோ, இது என்ன குரல்... மாஸ்க்குக்குப் பின்னால் இப்போதும் சிரிக்கிறாளா? கவியரசன் மூச்சை மட்டும்தான் நிறுத்தினான்.

அரைமணி நேரத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. அவனுடைய படம் நன்றாக இருந்தது. அவளுடையதில் ரத்தக்குழாய் இருந்த இடத்தில் ஒரு புகை.

"கலங்கியிருக்கே நிக்கோல்," என்றார் வேதநாயகி. "இனி சாஃப்ட்வேர் டைமிங்கே போட்டுடலாம்மா."

"சரி டாக்டர்." அவள் வாதாடவில்லை. கணக்குக்கு அடங்காத இதயங்களை இனி யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று மட்டும் நினைத்தாள். அந்தக் கண்களில் சிரிப்பு இல்லை.

ஜெயித்தவனுக்கோ சந்தோஷம் வரவில்லை. எதையாவது பார்க்கவேண்டுமே என்று திரையில் தன் நாடிக் கோட்டைப் பார்த்தான். முதல் ஸ்கேனில் அறுபத்திரண்டு. இரண்டாவதில்... அவள் வாய் திறந்தபோதெல்லாம் எண்பத்திநாலு.

புரிந்துவிட்டது. பேசாமல் இருந்தால் நாளைக்கு மேனேஜர் முன்னால் ராஜா. பேசினால் மானம் போகும். ஒரு நிமிடம் தவித்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"டாக்டர், மேடம் குறிச்ச நேரம் சரிதான். அறுபத்திரண்டுல ஓடுனப்ப பார்த்துக் குறிச்சாங்க. எடுக்கும்போது என் இதயம் எண்பத்திநாலுல ஓடியிருக்கு."

"பயந்துட்டீங்களா?"

"இல்லைங்க... அவங்க குரல்."

"குரலுக்கு என்ன?"

"அவங்க பேசுனா ஓடுது. பேசலைன்னா ஒழுங்கா இருக்கு."

"சும்னே கிண்டல் பண்ணாதீங்க சார்," என்றாள் நிக்கோல். 'சும்மா'வுக்குப் பதில் கன்னடம் வந்து விழுந்தது.

"கிண்டலுக்காக யாராவது ஜெயிச்சதை விட்டுக் குடுப்பாங்களா?"

வேதநாயகி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெக்கார்டட் வாய்ஸ் போட்டு மறுபடி எடு. சீக்கிரம், எனக்கு ரவுண்ட்ஸ் இருக்கு."

இந்தமுறை நிக்கோல் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படம் வந்தது. பென்சிலை எடுக்காமல் இழுத்த கோடு மாதிரி ரத்தக்குழாய் கடைசி முனைவரை தெரிந்தது. அவன் படத்தில் மங்கியிருந்த முனைகூட இதில் தெளிவு. "இனிமேலும் நீயே குறிம்மா," என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார்.

இருவர் மட்டும்...

"மேனேஜர்கிட்ட என்ன சொல்வீங்க?"

"உங்களை மாதிரி பார்த்துக் குறிக்க சாஃப்ட்வேருக்குச் சொல்லித் தரணும்னு சொல்வேன். அதுக்கு நீங்க எனக்குச் சொல்லித் தரணும்." தயங்கினான். "டாக்டர்கிட்ட சொன்னது நிஜம். தப்பா இருந்தா மன்னிச்சிருங்க."

நிக்கோல் மாஸ்க்கைக் கழற்றினாள். கன்னம் சிவந்திருந்தது.

"நான் டாக்டர்கிட்ட ஒண்ணு சொல்லல. எந்த பேஷண்ட்டுக்கும் நான் என் வாயால மூச்சு சொல்ல மாட்டேன். குரல் மாறுனா நாடி மாறும்னு எனக்குத் தெரியும். மூணு வருஷமா ரெக்கார்டட் வாய்ஸ்தான்."

"அப்ப... எனக்கு மட்டும் ஏன்?"

"தெரிஞ்சேதான் தப்பு பண்ணேன், கவியரசன்." முதல் முறையாக சார் இல்லை. "உங்ககூடப் பேசணும்போல இருந்துச்சு. வேற வழி தெரியல."