இடது காதுப் படம்

இருபது வருஷமாக ஸ்கேன் எடுக்கிறேன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். இப்போது நானே சொல்ல வேண்டியிருக்கிறது, தலையெழுத்து.

மதியம் மூன்று மணிக்கு ஒரு லாரி டிரைவரை அவர் மனைவி கைபிடித்துக் கூட்டி வந்தார். மூளைக்காய்ச்சலில் அவருக்கு இரண்டு காதும் போய் நான்கு மாதம். உள்காதுச் சுருளை எலும்பு மூடாமல் இருந்தால்தான் கருவி பொருத்த முடியும். அதைப் பார்க்கத்தான் ஸ்கேன்.

"பொண்ணு இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்கா சார். அவ அப்பான்னு கூப்பிடறதை இவர் ஒரு தடவையாவது கேக்கணும்," என்றார் அந்த அம்மா.

'விளக்கு அணையும்வரை அசையாதீர்கள்' என்று தாளில் எழுதிக் காட்டினேன். அவரைப் படுக்கவைத்து, தலையைப் பட்டையால் கட்டிவிட்டு, கனத்த கதவைச் சாத்தினேன். உள்ளே அவர் மட்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் அந்த அம்மாவும்.

இயந்திரம் சுழன்றது. எங்கிருந்தோ ஈரத்துணி வாடை வந்தது.

உள்ளே அவர் சிரித்தார்.

வெளியே வந்ததும் மனைவியின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "நீதானே பேசின? எச்சில் முழுங்காதீங்கன்னு காதுகிட்ட சொன்னியே. கேட்டுச்சு."

ஸ்கேன் முடியும்வரை என் பக்கத்தில் நின்ற அந்த அம்மா வாயே திறக்கவில்லை. இருந்தும் ஆமாம் என்று தலையாட்டினார்.

"எவ்வளவு சந்தோஷமா இருக்கார் பாருங்க. இல்லன்னு எப்படி சார் சொல்றது?" என்று என்னிடம் முணுமுணுத்தார்.

விழுங்கினால் படம் கலங்கும் என்று எல்லோரிடமும் மைக்கில் நான் சொல்வது அது. இவருக்கு அதை எழுதிக் காட்ட மறந்திருந்தேன்.

படத்தைத் திறந்தேன். இரண்டு சுருளையும் எலும்பு முழுதாக மூடியிருந்தது. எந்தச் சத்தமும் நுழைய வழியில்லை.

இடது காதுப் படத்தின் ஓரத்தில் ஏதோ பாதியாகத் தெரிந்தது. படத்தை அகலமாக்கினேன்.

பற்கள்.

காது மடலை ஒட்டி, மேலும் கீழுமாக இரண்டு வரிசை. பேசும்போது திறந்த மாதிரி.

"கேக்குமா சார்?"

திரையைத் திருப்பிக்கொண்டு, டாக்டர் சொல்வார் என்று மழுப்பினேன்.

இருவரும் கிளம்பினார்கள். அந்த அம்மா அவருடைய வலது கையைப் பிடித்திருந்தார். வாசலில் டிரைவர் நின்று, ஆளில்லாத இடது பக்கம் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டார்.

ரகசியம் பேசுவதாக நினைத்து, உரக்கவே பதில் சொன்னார்.

"சரி. இவகிட்ட சொல்லல. நாளைக்குப் பாப்பாவை மட்டும் கூட்டிட்டு வரேன்."

அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்தார்.