நடுச்சுவர்

மாலை மூன்றே முக்காலுக்கு அலாரம் மறுபடி அடித்தது.

லோர்னா கெட்டிலை விட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடி வந்தாள். வீட்டில் மூன்று புகை அலாரங்கள். கூடத்தில் ஒன்று, மாடிப்படிக்கு நடுவில் ஒன்று, பரணை மாற்றிப் புதிதாகக் கட்டிய அறையில் ஒன்று. கடையில் நான்காகத்தான் விற்றார்கள். நான்காவதைக் கணவன் கிரெய்க் எங்கோ தொலைத்துவிட்டு அவள்மேல் பழி போட்டிருந்தான். பேட்டரியில் ஓடுபவை; வயர் இல்லாமலே, ஒன்று அடித்தால் எல்லாமே அடிக்கும். எது முதலில் தொடங்கியதோ அதில் மட்டும் சிவப்பு விளக்கு துடிக்கும்.

கூடத்தில் இருந்தது துடிக்கவில்லை. நடுவில் இருந்ததும் இல்லை. பரண் அறைக்கு ஏறினாள். மகள் எஃபி கட்டிலில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மேலே இருந்ததும் துடிக்கவில்லை.

சத்தம் தானாக நின்றது. அதற்குப் பிறகு வீட்டின் மற்ற ஒலிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன: சூடு குறையும் குழாயின் டிக் டிக், சரிந்த கூரையில் டிசம்பர் மழையின் சடசடப்பு, தெருக்கோடியில் கியர் மாற்றும் பஸ், எஃபியின் நெஞ்சுக்குள் இழுக்கும் மெல்லிய விசில், இவை எல்லாவற்றுக்கும் பின்னால், வெள்ளையடித்த சுவருக்கு அந்தப் பக்கத்தில், பஞ்சு மூட்டையை யாரோ பாதத்தால் மெல்ல அழுத்தி அழுத்திப் போவது போன்ற அமுங்கிய ஓசை. காற்று, என்று நினைத்துக்கொண்டாள். இந்த வாரம் முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வாசல் மணி அடித்தது.

லீட்ஸில் அந்தத் தெரு முழுக்க முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள். பின்வாசல் கிடையாது. ஒரே கதவு. காய்ச்சல் வந்தால் எஃபி தூக்கத்தில் எழுந்து நடப்பாள் என்பதால் லோர்னா அதைப் பூட்டிச் சாவிக்கொத்தைத் தன் பையிலேயே வைத்திருந்தாள். திறந்தாள். கவுன்சிலின் கட்டட ஆய்வாளர் ஹோல்ட் நனைந்து நின்றார். மிக உயரமான மனிதர்.

"வாசல் முத்தத்துல தார்ப்பாய்க்குள்ள என்னம்மா அத்தனை சிமெண்ட் கல்லு? கால்ல இடிச்சுக்கிட்டேன்."

"மிச்சம்னு வீட்டுக்காரர் சொன்னார்."

"இன்னொரு வீடு கட்டுற அளவுக்கா மிச்சம்?" சிரித்தார். "டீ மணக்குது. நல்ல வீடு. போன வீட்டுல எனக்குக் கெடச்சது நாய்க்கடிதான்."

காலணிமேல் நீல பிளாஸ்டிக் உறைகளை மாட்டிக்கொண்டார். லோர்னா அவருக்குப் பின்னால் வாசலைப் பூட்டினாள்.

இன்று அவர் ஒப்புதல் தந்தால்தான் பரண் அறை சட்டப்படி படுக்கையறை. தராவிட்டால் எஃபி கீழ் அறைக்கே திரும்ப வேண்டும், பூஞ்சை பிடித்த சுவருக்கு. போன குளிர்காலத்தில் ஆம்புலன்ஸ் வந்தது அந்த அறைக்குத்தான்.

ஹோல்ட் படியேறினார். ஒவ்வொரு படியிலும் பிளாஸ்டிக் உறை சரசரத்தது. கூரை தாழும் திருப்பத்தில் நின்றார்.

"ஆபீஸ்ல சொல்லுவாங்க, அளக்க டேப்பு எதுக்கு, ஹோல்டை ஏத்தி விடுங்க, தலை இடிக்கலன்னா பாஸுன்னு." உள்ளங்கையைத் தலைக்கும் கூரைக்கும் நடுவில் நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. "முடி உரசுது. பரவாயில்ல. என்னைவிட நெட்டையா எவனாவது வந்தா குனிஞ்சு வரட்டும்."

பரண் அறையின் தீத்தடுப்புக் கதவை அகலத் திறந்து கையை எடுத்தார். அது கொஞ்சம் யோசித்தது. பிறகு தானே மெதுவாக வந்து, க்ளிக்கென்று சாத்திக்கொண்டது. தலையாட்டினார். எஃபிக்கும் ஒரு தலையாட்டல்.

"வணக்கம் மகாராணி. உன் சன்னல் திறக்குமா?"

"அம்மாகிட்டதான் சாவி."

லோர்னா கொத்தை எடுத்துச் சன்னலைத் திறந்துகாட்டினாள்.

"வாசலுக்கும் சன்னலுக்கும் ஒரே கொத்தா? தீப்பிடிச்சா சாவியைத் தேடிக்கிட்டு நிப்பீங்களா? ரெண்டுலயும் கையால திருகுற பூட்டு போடச் சொல்லுங்க." வெளியே எட்டிப் பார்த்தார். இருட்டிக்கொண்டு வந்தது. "அலாரத்தையும் பார்த்துட்டா கெளம்பிடுவேன்."

கையை உயர்த்திப் பொத்தானை அழுத்தினார்.

எல்லாம் அலறின. தலைக்கு மேலே. படியின் நடுவில். கூடத்தில்.

சுவருக்குள்.

ஹோல்ட் விரலை எடுத்தார். நின்றது. மறுபடி அழுத்தினார். காதை வெள்ளைச் சுவரில் வைத்தார். எஃபியின் கட்டில் ஒட்டிக் கிடந்த சுவர்.

"அந்தப் பக்கமும் ஒண்ணு வெச்சிருக்கீங்களா?"

"இல்ல சார். பக்கத்து வீடு பூட்டிக் கெடக்கு. அந்தம்மா ஜூலைலயே முதியோர் இல்லத்துக்குப் போயிட்டாங்க."

"நான் குடுத்தேன்" என்றாள் எஃபி.

லோர்னா திரும்பினாள்.

கூரைச் சரிவுக்கு அடியில் பெட்டி வைக்கும் இடத்தின் சின்னக் கதவை எஃபி காட்டினாள். "அதுக்குள்ள கை நுழையுற சந்து இருக்கு. அது வழியா. அவங்களுக்கு அங்க ஒரே இருட்டு. அதுல சிவப்பு லைட் இருக்குல்ல."

"யாருக்கு, கண்ணு?"

எஃபி தோளைக் குலுக்கினாள். கிரேயானைத் தேடினாள்.

ஹோல்ட் சுவரை விரல்முட்டியால் தட்டினார். ஒரு அடி தள்ளி மறுபடி. டொக். டொக். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நடுச்சுவர் எங்கம்மா?"

"உள்ள இருக்கு. மேல பலகை அடிச்சிருக்கார்."

"பழைய வரிசை வீட்டுல வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல சுவர் மாடியோட நின்னுடும். அதுக்கு மேல மொத்தத் தெருவுக்கும் ஒரே பரண்தான். இங்க அறை எடுத்தா ஓடு வரைக்கும் கல்லு வெச்சு அடைக்கணும். அதை நான் கண்ணால பார்த்தப்புறம்தான் பலகை. உங்க ஆளு நான் வர்றதுக்குள்ள மூடிட்டாரு." இடுப்பிலிருந்து சிறிய ரம்பத்தை எடுத்தார். "அறுத்துப் பார்க்கணும். உள்ள வயர் ஓடும். மெயினை அணைச்சிட்டு வாங்க."

லோர்னா கீழே போனாள். தார்ப்பாய் அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது. மெயினை இறக்கினாள். வீடு மொத்தமும் சாம்பல் நிறமாயிற்று. கிரெய்க்கைப் போனில் கூப்பிட்டாள்.

"சுவர் கட்டினியா?"

அவன் பக்கம் ட்ரில் சத்தம். அதை நிறுத்தினான். "ஹோல்ட் வந்துட்டாரா?"

"கட்டினியா, இல்லையா?"

"பக்கத்து வீட்டு ஆனிஸ் கிழவி விடல. கல்லு வெச்சா கோர்ட்டுக்குப் போவேன்னுச்சு. ‘அது நடக்க இடம் வேணும்’னு ஒரே புலம்பல். எதுன்னு கேட்டா கதவைச் சாத்திடும். புத்தி பிசகிடுச்சுன்னு சும்மா பலகை அடிச்சு மூடினேன். கிழவி போனப்புறம் கட்டிக்கலாம்னு விட்டேன், அப்புறம் வேலை வந்திருச்சு. லோர்னா, அங்க ஒரு ஈ காக்கா இல்ல. என்ன ஆயிடப்போகுது?"

"எஃபி அதை ஒட்டித்தான் படுக்கிறா" என்றாள். போனை வைத்தாள்.

மேலே போனபோது ரம்பம் கடைசிப் பக்கத்தை அறுத்துக்கொண்டிருந்தது. ஹோல்ட் ஒரு சதுரத்தைப் பெயர்த்து எடுத்தார். ஆள் தோள் நுழையும் அளவு. கல் இல்லை. குளிர் அறைக்குள் இறங்கியது. கரி வாசனை, ஈரத் தூசியின் வாசனை, அவற்றுக்கு அடியில், இப்போதுதான் யாரோ எழுந்துபோன படுக்கையின் வெதுவெதுப்பான வாசனை.

டார்ச்சோடு தலையை உள்ளே விட்டார். வெகுநேரம் தலையை வெளியே எடுக்கவில்லை.

"என்ன சார்?"

அவர் விலகி வழி விட்டார்.

கூரை மரங்கள் வீடு வீடாகப் போய் இருட்டில் சேர்ந்தன. தடுப்பே இல்லை. குளிருக்காகப் பரப்பியிருந்த பஞ்சு நடுவில் மட்டும் தட்டையாக மிதிபட்டிருந்தது. ஒற்றையடிப் பாதை. தெருக்கோடியிலிருந்து வந்து இங்கே முடிந்தது.

"பலகையோட பின்பக்கம் பாருங்க" என்றார் ஹோல்ட். குரல் தணிந்திருந்தது.

பலகையில் ஒட்டியிருந்த சாம்பல் நிறத் தாளில் எண்ணெய்க் கறை. உடம்பு பட்டுப் பட்டு வழவழத்த கறை. படுத்த வாக்கில். தலை, எஃபியின் தலையணைக்கு நேராக. தோள். இடுப்பு. கால் முடிய வேண்டிய இடத்தில் முடியவில்லை. டார்ச் வெளிச்சம் அதைத் தொடர்ந்து போய்க்கொண்டே இருந்தது.

டேப் அவர் இடுப்பில்தான் இருந்தது. அளக்கவில்லை.

அலாரம் அடித்தது.

யாரும் தொடவில்லை. எல்லாம் அலறின. தூரத்தில், பரணின் அந்தக் கோடியில், ஒரு சிவப்புப் புள்ளி. துடித்தது. உச்சி மரத்தை ஒட்டி, உயரத்தில்.

நகர்ந்தது.

"பாப்பாவைத் தூக்கிட்டுக் கீழ போங்க."

"நீங்க?"

"இதைத் திருப்பி அடைச்சிட்டு வர்றேன். போங்கம்மா."

எஃபியை வாரி எடுத்தாள். படி. திருப்பம். படி. பின்னால் தீத்தடுப்புக் கதவு மெதுவாக வந்து சாத்தியது. கூடம் இருட்டு. வாசல் கதவு. பைக்குள் கை விட்டாள்.

சாவி இல்லை.

மேலே, பரண் சன்னலில். கொத்தோடு.

அலாரம் நின்றது.

"சார்?" மேலே பார்த்துக் கூப்பிட்டாள். கதவுப்பிடியை இழுத்தாள். அசையவில்லை.

எஃபி அவள் கழுத்தில் வாயை வைத்து, ரகசியம் போலச் சொன்னாள். "அங்க கதவே இல்லன்னு அழுதாங்கம்மா. அந்த அங்கிள்தான் இப்ப வெச்சுக் குடுத்துட்டாரே."

மேலே தீத்தடுப்புக் கதவு திறந்தது. கொஞ்சம் யோசித்தது. வந்தது. க்ளிக்.

காலடி. படியில். நிதானமாக. இன்னொன்று.

பிளாஸ்டிக் சரசரக்கவில்லை.

திருப்பத்தில் ஏதோ கூரையை உரசியது. நீளமாக. பரணில் கண்ட அதே சிவப்புப் புள்ளி தெரிந்தது. கூரையோடு ஒட்டி நின்றது.

பிறகு அது குனிந்தது.

"மிஸ்டர் ஹோல்ட்," என்றாள் லோர்னா. "நீங்கதானே?"