சாண் தூரத்தில் ஒரு பல்லி

மாலதி கைப்பேசியில் காட்டிய படத்தைப் பார்த்ததும், ஆரோக்கியராஜ் குடித்துக்கொண்டிருந்த காபியை அப்படியே கீழே வைத்துவிட்டார். ஒரு எவர்சில்வர் வாளி, அதில் சாம்பார், சாம்பாரில் வயிறு வெளுத்து மல்லாந்து கிடக்கும் பல்லி. அதன் விரல்களை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. பல்லியை ஒட்டிய விளிம்பில் ‘மாலதி மெஸ், சிதம்பரம்’ என்று வெட்டியிருந்த எழுத்தும் தெளிவாகத்தான் இருந்தது. எதிர்ப்பக்க விளிம்பு மட்டும் மங்கல்.

பெயரில்லாத ஒரு புகாரோடு இந்தப் படம் அதிகாரிகளுக்குப் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்று பத்துக்கு எடுத்ததாகப் படத்திலேயே நேரம் பதிவாகியிருந்தது. மெஸ்ஸுக்கு சீல் வைத்துவிட்டார்கள். இன்று மூன்று மணிக்குக் கடலூரில் விசாரணை. சரியான பதில் சொல்லாவிட்டால் அவளுடைய பன்னிரண்டு வருடக் கடைக்கு உரிமம் போய்விடும்.

தன் வீட்டு முன்னறையில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த தேவசகாயம் காவல்துறையின் தடயவியல் பிரிவில் புகைப்படக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆரோக்கியராஜ் அவருடைய மனைவியின் தம்பி. முன்பு பஸ் கண்டக்டர், இப்போது மாமாவிடம் வரும் வழக்குகளில் எல்லாரையும் சந்தேகப்படுவது அவர் வேலை.

மாலதியைக் காரில் கூட்டி வந்தவன் அவள் தம்பி இளவரசு. அவன்தான் முதலில் வாயைத் திறந்தான். “ராசம்மா மேலதான் சார் சந்தேகம். பதினோரு வருஷமா சமைக்குது. போன மாசம் அக்கா நாலு பேருக்கு முன்னால திட்டிடுச்சி. அந்தக் கோவம்.”

மாலதி தலையாட்டவில்லை. ராசம்மாள் இரண்டு நாளாகச் சோறு தண்ணீர் இல்லாமல் அழுதுகொண்டிருக்கிறாள் என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலதி மெஸ்ஸிலேயே இல்லை. தேவனாம்பட்டினத்தில் மாமியார் வீட்டில் அவள் மகனுக்குக் காதுகுத்து. அதற்குச் சாட்சியாகத் தம்பியின் சின்ன டிஜிட்டல் கேமராவில் எடுத்த படங்களையெல்லாம் ஒரு பென் டிரைவில் வாங்கி வந்திருந்தாள். தேவசகாயம் கணினியில் போட்டுப் பார்த்தார். சனிக்கிழமை மாலை குழந்தையை எடுத்த படங்கள் பளிச்சென்று இருந்தன. ஞாயிறு காலை ஒன்பதரைக்கு எடுத்த காதுகுத்துப் படங்கள் ஒன்றுகூடத் தேறவில்லை. முகங்களெல்லாம் கரைந்த மாவாக இருந்தன. குறுக்கே வந்த யாரோ ஒரு பெண்ணின் தலையில் இருந்த முல்லைப்பூ மட்டும் இதழ் இதழாகத் தெரிந்தது. மதியப் பந்திப் படங்கள் மறுபடி பளிச். எல்லாப் படத்திலும் வலது மேல்மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு தூசிப்புள்ளி.

“காதுகுத்தை எடுத்தது யாரு?” என்று கேட்டார்.

“எங்க வீட்டுக்காரர் சார். தாய்மாமன் மடியிலதான புள்ளைய உக்கார வைக்கணும்? அதனால தம்பி கேமராவ அவருகிட்ட குடுத்துட்டான். அவருக்கு அமுக்க மட்டுந்தான் தெரியும்.”

காலைப் பலகாரம் யார் ஏற்பாடு என்றும் கேட்டார். இட்லிக்குச் சாம்பார் ராசம்மாள் விடியற்காலையில் வைத்துக் கொடுத்தது, தம்பிதான் வாளியோடு காரில் எடுத்துவந்தான் என்றாள் மாலதி. பாவம், காது குத்தி முடிகிறவரை அவன் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றும் பெருமையாகச் சேர்த்துக்கொண்டாள்.

தேவசகாயம் பல்லிப் படத்தைப் பெரிதாக்கினார். வலது மேல்மூலையில் அதே சாம்பல் புள்ளி.

“லென்ஸுக்குள்ள ஒட்டுன தூசி. ரெண்டும் ஒரே கேமரா,” என்றார்.

இளவரசு உடனே, ஒன்று பத்துக்குத் தான் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்ததாகவும், நூறு பேர் பார்த்ததாகவும் சொன்னான்.

“பார்த்திருப்பாங்க. அதுக்காகத்தான் அந்த நேரத்த வச்சிருக்கீங்க. கேமராவுல கடிகாரத்த யார் வேணாலும் மாத்தலாம்.” தேவசகாயம் குரலை உயர்த்தவில்லை. “எண்ணெ மெதக்குற சாம்பாரு, பளபளக்குற வாளி. கேமரா தானா ஃபோகஸ் பண்ணா பல்லிய விட்டுட்டு வேற எதையாவது புடிக்கும். அதனால மெனுவுக்குள்ள போயி மேனுவல் ஃபோகஸ் போட்டு, தூரத்த ஒரு சாணுக்கு நீங்களே வச்சிருக்கீங்க. அப்பறம் கடிகாரத்தத் திருப்பி வச்சீங்க, ஃபோகஸத் திருப்பி வைக்கல. இந்தக் கேமரா அணைச்சிப் போட்டாலும் அத மறக்காது. நீங்களே படம் எடுத்திருந்தா மொதப் படத்துலயே கண்டுபுடிச்சிருப்பீங்க. மடியில புள்ளையோட உக்காந்துட்டீங்க. மச்சான் எடுத்ததுல ஒரு சாண் தூரத்துல இருந்த பூவு மட்டும் தெளிவா விழுந்துச்சி. மதியம் கேமரா உங்க கைக்கு வந்ததும் சரி பண்ணிட்டீங்க.”

சனிக்கிழமை மாலை சரியாக இருந்த கேமரா ஞாயிறு ஒன்பதரைக்கு ஒரு சாணில் நின்றிருக்கிறது. ஆகவே பல்லிப் படம் அதற்கு முன்பே எடுத்தது; அந்தக் காலையில் மெஸ் வாளியும் சாம்பாரும் கேமராவும் சேர்ந்து இருந்தது இளவரசுவின் காரில் மட்டும்தான். தேவசகாயம் இதைச் சொல்லி முடித்ததும் இளவரசு காரணத்தைக் கக்கினான்.

உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பார்கள். இவன் உண்ணாமலே செய்திருக்கிறான். மெஸ் இருக்கிற, அப்பா விட்டுப்போன இடத்தை லாட்ஜுக்குக் கேட்கிறார்களாம். அக்கா காலி பண்ண மாட்டேன் என்றாளாம். அதற்குப் பல்லி. சில மனிதர்களை நினைத்தால் பல்லி எவ்வளவோ மேல்.

“ரெண்டு நிமிஷந்தான்க்கா கெடந்துச்சி,” என்றான் இளவரசு, தரையைப் பார்த்தபடி. “எடுத்துப் போட்டுட்டு நல்லாக் கலக்கி உட்டுட்டேன். வேற சாம்பாருக்கு எங்க போறது? யாருக்கும் ஒண்ணும் ஆகலியே.”

ஆரோக்கியராஜ் எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினார். அவர் ஓங்கரிக்கும் சத்தம் உள்ளே கேட்டது. அந்தச் சாம்பாரை வாயில் வைக்காத அவருக்கே அப்படி.

மாலதி வெகுநேரம் தம்பியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விசாரணையில் இதைச் சொன்னால் தம்பி மேல் வழக்கு வரும், சொல்லாவிட்டால் கடை போகும், பழி ராசம்மாள் தலையில் விழும் என்று தேவசகாயம் மெதுவாக எடுத்துச் சொன்னார். அவள் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

“எம்புள்ள அன்னிக்கி ரெண்டு இட்லி தின்னான்டா. நாந்தான் ஊட்டுனேன்,” என்றாள். “அந்தப் பல்லிய எடுத்த கையாலதான அவன் தலையப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்த?”

அவள் கார்ச் சாவியை அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்து, முகம் கழுவி வந்த ஆரோக்கியராஜிடம் நீட்டினாள்.

“நீங்க ஓட்டுங்கண்ணே. இவன் பின்னால என்கூட உக்காருவான். மூணு மணிக்கி அங்க நான் பேச மாட்டேன், இவனே சொல்லுவான்.”