விசாரித்தாயிற்று

“ஐயோ, கிழிக்காதீங்க மேடம்!”

குரல் வருவதற்குள் சுவரில் ஒட்டியிருந்த காகிதம் பிரிஸ்கில்லாவின் கையில் இரண்டாகியிருந்தது. திரும்பினாள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரே பிரவுசிங் சென்டர் நடத்தும் ஐசக், மழையில் நனைந்த தலையோடு வாசலில் நின்றான். கோபத்திலும் அழகாயிருக்கிற கண்கள்... சே, இப்போதா இதைக் கவனிப்பது!

2006. கல்லூரி என்.எஸ்.எஸ். முகாமில் அவளுக்குக் கிடைத்த வேலை, பன்னிரண்டு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அவன் சென்டரிலேயே பொய் மெயிலை அடையாளம் காணக் கற்றுத்தருவது. யார் சொன்னது, எப்போது சொன்னது, விசாரித்தாயா... மூன்றே கேள்வி. இவர்களில் ஒரு பிள்ளைகூட இனி ஏமாறக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

“குழந்தைக்கு ரத்தம் வேணும்னு வர்ற ஃபார்வர்டு எல்லாம் டூப்பு,” என்றாள் விறைப்பாக.

“நம்பர் கீதே, போன் போட்டுக் கேட்டீங்களா?”

கிழிந்த துண்டுகளைக் கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

“மூணு கேள்வியும் ஊருக்குத்தானா? உங்களுக்கு இல்லியா?”

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். விருட்டென்று வெளியேறினாள். இவனிடமா தோற்பது? ஆனால் மழைக்கு ஒதுங்கிய இடம் எஸ்.டி.டி. பூத். மனசு கேட்கவில்லை. கிழிந்த துண்டுகளைச் சேர்த்துவைத்து நம்பரை அழுத்தினாள்.

“ஓ நெகட்டிவ் கெடைச்சிச்சாம்மா?” காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாய் அழுதாள். “நாளைக்கு ஆபரேஷன்மா...”

வீம்பெல்லாம் அந்த அழுகையில் கரைந்தது. ஓடிவந்து, பிள்ளைகள் எதிரிலேயே சொன்னாள். “தப்பு என் மேலதான். நான் விசாரிக்கல.” காகிதத்தைத் திரும்ப ஒட்டி, கீழே தேதி போட்டு எழுதினாள்: ‘விசாரித்தாயிற்று. உண்மை. - பிரிஸ்கில்லா.’

“அக்கா, எங்க நைனாவுக்கு அதே ரத்தம்தான்!” என்று பிள்ளைகள் நடுவிலிருந்து துள்ளி எழுந்தாள் அம்முலு.

அன்று மாலையே அம்முலுவின் அப்பா எல்லப்பன் காஞ்சிபுரம் பஸ் ஏறினார். துணைக்கு ஐசக். குழந்தை பிழைத்துக்கொண்டது.

முகாமின் கடைசி நாள். அட்டெண்டன்ஸ் நோட்டுக்குள் மடித்த காகிதம் ஒன்று...

‘இது ஃபார்வர்டு இல்லை. பிரிஸ்கில்லாவை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. சொன்னது: ஐசக். எப்போது: இன்று காலை. விசாரிக்க: கவுன்ட்டர்.’

கன்னம் சுட்டது. கவுன்ட்டரில் அவன் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தான், நிமிராமல்.

“இன்னா மேடம்... இதையும் கிழிச்சிடுவீங்களா?”

“விசாரிக்காம கிழிக்கமாட்டேன்.”

அருகே போனாள். நிமிர்ந்த அந்தக் கண்களை முதல் தடவையாக ஆசை தீரப் பார்த்தாள். பிறகு அவன் சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவி, காகிதத்தின் கீழே எழுதி நீட்டினாள்.

‘விசாரித்தாயிற்று. உண்மை. எனக்கும்தான்... - பிரிஸ்கில்லா.’

தேதி போட மறக்கவில்லை.