வெற்றுத் தட்டின் எடை

நவம்பர் பதினேழு, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து நாற்பது, காற்றில்லாத தூறல். பார்சல் அலுவலகத்தின் எடை மேடையில் எதுவும் இல்லை. ஆனால் அதன் சிவப்பு எண்கள் இரண்டு கிலோ அறுநூற்றுப் பத்து கிராம் என்று காட்டின.

அவள் தட்டைத் துடைத்தாள். அடியில் கயிறோ அட்டைத் துண்டோ சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். எதுவும் இல்லை. மின் இணைப்பையே பிடுங்கிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அந்த எடை அவளுக்குத் தெரியும். எந்தப் பொட்டலத்தையும் கையில் வாங்கியதுமே இவ்வளவு என்று சொல்லிவிடுவதால் அலுவலகம் முழுவதும் அவளைத் 'தராசக்கா' என்றுதான் அழைத்தது. மூன்று வாரங்களுக்கு முன், துணியில் சுற்றி, அழாத அந்தப் பிள்ளையைச் செவிலி ஒருமுறை அவள் கையில் வைத்தபோது, எடையை யாரும் சொல்லவில்லை. கை சொல்லிற்று.

ஈட்டிய விடுப்பெல்லாம் கர்ப்பகால வாந்தியிலேயே கரைந்துபோயிருந்ததால், வயிற்றுத் தையல் ஆறுமுன்பே அவள் வேலைக்குத் திரும்பவேண்டியதாயிற்று. விடுப்புப் பிரிவு எழுத்தர் நல்லவர். தேநீரை ஆற்றிக்கொண்டே இரக்கத்தோடுதான் சொன்னார்:

"பிரசவ லீவுக்குப் பிள்ளை உயிரோட இருக்கணும்க்கா. துக்க லீவுன்னா, இருந்துட்டுப் போயிருக்கணும். உங்களோடது ரெண்டுலயும் சேரலையே."

பட்டறையில் வேலை செய்யும் அவள் கணவனுக்கு அரை நாள் கிடைத்தது. "பெத்தவ அவதானே, உனக்கு எங்கப்பா வலிக்குது?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் எழுத்தர் மறுபடியும் குரலைத் தாழ்த்தினார். "பிரசவ லீவு விண்ணப்பத்துல 'உயிருடன்'ங்கிற கட்டத்துல ஒரு டிக் போட்டுடுங்க. யாரு வந்து எட்டிப் பாக்கப் போறா?"

ஒரு வாரமாக மறுத்தவள் அன்று போட்டாள். நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் மாலை, வாடிக்கையாளர்கள் போனபின், ஈர அட்டையின் வாடையும் பசைநாடாவின் காட்டமும் மட்டும் மிஞ்சிய கூடத்தில், குழல்விளக்கின் ரீங்காரத்துக்குக் கீழே எண்கள் தாமாக ஏறின. முப்பது கிராம் கூடியிருந்தது. அதற்கு மறுநாளும் முப்பது. நன்றாகப் பால் குடிக்கும் பிள்ளை அப்படித்தான் தேறும் என்று மருத்துவமனைச் சுவரில், நம்பிக்கையோடு, அவள் படித்திருந்தாள். துணியை இறுக்கிக் கட்டியும் அடங்காமல் மேலாடையை நனைத்துக்கொண்டிருந்த பால், செவ்வாய் இரவோடு நின்றுபோனது நினைவுக்கு வந்தது. காலையில் மார்பு கனப்பதில்லை. வற்றியிருந்தது. காம்பைச் சுற்றி மட்டும் எரிச்சல்.

வாடையில் இப்போது புளித்த பாலும் இருந்தது.

அவள் எழுத்தரிடம் ஓடினாள். "அந்த டிக்கை அழிச்சிடுங்க சார். எனக்கு லீவே வேணாம்."

"அழிக்கவா? மேல போயாச்சேக்கா. இப்ப அழிச்சா, பிள்ளைய என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்க." தம் பேச்சு தமக்கே பிடித்துப்போனதுபோல் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

இருபத்தேழாம் தேதி, வெள்ளிக்கிழமை மாலை. மழை வலுத்திருந்தது. எண்கள் இரண்டு கிலோ தொள்ளாயிரத்துப் பத்தில் நின்றன. நிற்கவும் இல்லை, கடைசி இலக்கம் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, மூச்சுப்போல.

பார்க்கப் பொறுக்காமல் அவள் பூஜ்யப் பொத்தானை அழுத்தினாள்.

தினமும் செய்கிற வேலைதான். கண்ணாடிச் சாமான்களை நிறுக்க, வெறும் கூடையை முதலில் வைத்துப் பூஜ்யம் அழுத்துவார்கள். கூடை கணக்கில் வராது. கூடையை எடுத்துவிட்டால் மட்டும், அதன் எடை கழித்தல் குறியோடு வந்து நிற்கும்.

எண்கள் பூஜ்யமாயின. பத்து நாளில் முதல்முறையாக அவள் முழுமூச்சு விட்டாள்.

மாடிப்படியில் செருப்போசை. மேலாளர். கையில் உறைபோடாத ஒரு தாள். கையெழுத்தின் மை இன்னும் காயவில்லை.

"நானே கொண்டுவந்துட்டேன்மா. முழுச் சம்பளத்தோட லீவு. சந்தோஷந்தானே?" தாளை நீட்டினார். "பிள்ளை நல்லா எடை ஏறுதா?"

அவர் தோளுக்குப் பின்னால் எண்கள் இமைத்தன.

ஒரு கழித்தல் குறி.

இரண்டு கிலோ தொள்ளாயிரத்துப் பத்து.

தரையில் ஏதோ ஈரமாக விழுந்த ஓசை. மேலாளர் திரும்பவில்லை. மேசைக்கடியில் ஒரு இழுபடல். நின்றது. மறுபடி இழுபட்டது. கணுக்காலில் குளிர்ச்சி. முழங்காலில். பாவாடை மடிப்புகளைப் பற்றி ஏறியது.

"வாங்கிக்கம்மா."

வாங்கத்தான் கைகளை நீட்டினாள். மேலாளர் தாளை அவள் முன்கைகளின் மேல் வைத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போகச் சொல்லி, படியேறினார்.

தாளுக்கென்ன எடை? கைகள் தாழ்ந்தன. இடது முழங்கை, அவள் மடக்காமலே, ஒரு தலை சாய்வதற்கு இடம்விட்டு மடங்கியது.

கை சொல்லிற்று. கிராம் பிசகவில்லை.