வேலிக்கு அந்தப் பக்கத்துக் கீரை

ஓரகத்தியின் கீரைப் பாத்தியில் ஓர் இலையில்கூட ஓட்டை இல்லை. மூத்தவளை முதலில் உறுத்தியது அதுதான். இவள் பாத்தியைப் பூச்சி சல்லடையாக்கியிருக்க, வேலிக்கு அந்தப் பக்கம் ஒவ்வோர் இலையும் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கியது. பூச்சிகூட ஆள் பார்த்துத்தான் கடிக்கிறது என்று புகைந்தாள்.

புகைச்சல் அவளுக்குப் புதிதல்ல. இளையவள் திரைச்சீலை மாற்றினால் இவளுக்குத் தலைவலி வரும். ஆனால் இளையவளின் மகள் கொழுகொழுவென்று ஓடித் திரிய, தன் மகள் சில்லு குச்சியாய் நின்றதுதான் நெஞ்சில் தைத்த முள். எல்லாம் அந்தக் கீரையின் வேலை என்று தானாகவே முடிவு கட்டினாள்.

அப்புறமென்ன, தினமும் பொழுது மங்கியதும் வேலியிடுக்கில் கையை விட்டாள். இவள் பக்கம் சில்வண்டுகள் காது கிழியக் கத்தின; அந்தப் பக்கம் ஒன்றுகூடக் கத்தவில்லை. ஈர மண்ணிலிருந்து துருப்பிடித்த ஆணியை நாக்கில் வைத்தாற்போல் ஒரு வாடை எழுந்து, சோப்புப் போட்டுக் கழுவியும் விரலிடுக்கிலேயே தங்கியது. அந்தக் கையாலேயே கீரையை மசித்துச் சில்லுவுக்கு ஊட்டினாள்.

ஒருநாள் இளையவள் வாசலுக்கே வந்தாள்.

"அக்கா, யாரோ கீரையப் பறிக்கிறாங்கக்கா. அது திங்கிறதுக்கு இல்ல. நாங்க வாங்குறதுக்கு முன்னாடி அங்க பழைய பேட்டரி உடைச்சிருக்காங்க, மண்ணு பூரா ஈய விஷம். கீரை அத உறிஞ்சட்டும்னுதான் எரு போட்டு வளத்து, பிடுங்கி மூட்டை கட்டி அனுப்புறோம். யாராச்சும் புள்ளைக்குக் குடுத்துட்டா?"

"ஆமாமா, உன் தோட்டத்துல வைரமில்ல காய்க்குது! எவடி தொடப்போறா?"

நாலு இலையைக் காப்பாற்ற எப்படியெல்லாம் கதை கட்டுகிறாள்! அன்றைக்கு வீம்புக்கு இரண்டு பிடி கூடுதலாகப் பறித்தாள்.

சில்லு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். தெரிந்த பாட்டு மறந்துபோனது. பிறகு பூனைக்கு என்ன பெயர் என்பதும். என் பிள்ளை தேறுவதைப் பார்த்து அவள் வயிறெரிந்து கண் வைத்துவிட்டாள், வேறென்ன, என்று மூத்தவள் இன்னொரு கரண்டி ஊட்டினாள்.

மின்சாரம் போன ஒரு சாயங்காலம், அடுக்களையில் கரண்டி விழும் சத்தம் கேட்டது. எடுக்கும் சத்தம். மறுபடி விழுந்தது.

"சில்லு?"

ஏதோ நக்கும் சத்தம். ஈரமாய். நிதானமாய்.

பூனையாக இருக்கும். இருக்கட்டும், பூனையாகவே இருக்கட்டும்.

டார்ச்சை அடித்தாள்.

சில்லுதான். தரையில் மண்டியிட்டுக் கீரைச் சட்டிக்குள் முகத்தைப் புதைத்திருந்தாள். இரண்டு கைகளும் முன்னால் நீண்டிருந்தன. மணிக்கட்டுக்குக் கீழே மட்டும், பிழிந்து போட்ட துணியாய்த் தொங்கின. கரண்டி பக்கத்தில் கிடந்தது.

"கண்ணு... கையத் தூக்கு."

கை எழவில்லை. முகம்தான் எழுந்தது. தாடையெல்லாம் பச்சை வழிய, அம்மாவைப் பார்த்து வாய் கொள்ளாமல் சிரித்தாள். ஒவ்வொரு பல்லின் அடியிலும், ஈறோரமாய், மை தீட்டியதுபோல் ஒரு நீலக் கோடு.

"இன்னும் குடும்மா."