வெள்ளிக்கிழமை வராத தாமதம்

கிள்ளான், 1996 மார்ச். வியாழக்கிழமை, மதியம் ஒன்று இருபது.

சபாபதியின் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் எல்லாம் மறுபடியும் படுத்துவிட்டது. துறைமுகத்துக்குள் போகும் லோரிகளுக்கு அங்கேதான் அனுமதிச் சீட்டு அச்சாகும். மூன்று நான்கு விநாடியில் திரைக்கு வரவேண்டிய சீட்டு, ஒரு நிமிடம் கடந்தும் வரவில்லை.

"போஸ், என் சீட்டு தானா பொறக்குமா, இல்ல ஆபரேஷன் பண்ணணுமா?" என்று கவுண்ட்டரில் சாய்ந்தபடி முதலாளியிடம் கேட்டான் லோரி ஓட்டுநர் பக்கிரிசாமி.

முதலாளி சபாபதி இழுப்பறையிலிருந்து ஓர் உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே இருந்தது குமாஸ்தா தங்கமணியின் வேலைநீக்கக் கடிதம். சாப்பிடப் போயிருக்கும் அவள் திரும்பியதும் கொடுத்துவிடுவதாக இருந்தார்.

கணினிக் கடைக்காரன் ரமணி அந்த உறையைப் பார்த்தான். அந்த அலுவலகத்தின் ஐந்து கணினிகளையும் ஒரே கேபிளில் கோத்தவன் அவன்தான். எல்லாவற்றுக்கும் நடுவே பெரிய கணினி ஒன்று வைக்கலாம் என்று சொல்லிப் பார்த்தான். "உக்காந்து சாப்பிட ஆறாவதா ஒண்ணு எதுக்கு?" என்றார் சபாபதி. ஆகவே, தன்னிடம் இருப்பதை மற்றதுக்குக் கொடுத்து, தன்னிடம் இல்லாததை மற்றதிடம் கேட்டு வாங்கும்படி ஐந்தையும் அமைத்தான். சீட்டுகள் எல்லாம் தங்கமணியின் புதுக் கணினியில் இருந்தன.

புகார் வரும்போதெல்லாம் ஓடி வந்தான். கேபிளைச் சோதித்தான். தங்கமணியின் கணினிமுன் உட்கார்ந்து பார்த்தான். தண்ணீராய் ஓடியது. "என் வேலையில கோளாறு இல்ல" என்று அடித்துச் சொன்னான். அந்தச் சொல்தான் அவள் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. கேபிளில் பழுதில்லை; அவள் வெளியே போனால் மட்டும் எல்லாம் நொண்டுகிறது. மேற்பார்வையாளர் பதவி கிடைக்காத கோபத்தில் ஏதோ செய்துவைத்துவிட்டுப் போகிறாள் என்று சபாபதி முடிவு கட்டினார்.

மனசாட்சி உறுத்தவே, பிரிக்பீல்ட்ஸில் தன் கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கும் புனிதவதியை ரமணி இன்று அழைத்து வந்திருந்தான். தொலைபேசி இலாகாவில் இணைப்புக்காக மக்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று அளப்பதே அவர் வேலையாக இருந்தது. இப்போது ஓய்வு பெற்றவர்.

"எப்ப தொடங்கினது?" புனிதவதி கேட்டார்.

"தைப்பூசம் முடிஞ்சதிலேர்ந்து, மேடம்," என்றார் சபாபதி.

"அந்தப் பிள்ளை போன உடனேயோ?"

"இல்ல. அஞ்சு நிமிஷம் பொறுத்து. கெட்டிக்காரி லா."

"ஒவ்வொரு நாளுமோ?"

"வெள்ளிக்கிழமை மட்டும் இல்ல. அன்னைக்குத் தங்கமணி விரதம். சாமிக்குப் பயந்து கைய வைக்காது. இதைவிட என்ன சாட்சி வேணும்?"

"வெள்ளிக்கிழமை எங்களுக்கும் நல்ல நேரம், ஆன்டி," என்றான் பக்கிரிசாமி. "அக்கா இங்கயே உக்காந்து தட்டிக்கிட்டிருக்கும், சீட்டும் டப்புனு வந்துரும்."

புனிதவதி தங்கமணியின் மேசைக்கு நடந்தார். திரையில் மயில்மேல் முருகன். மயில் தோகையை விரித்து மெல்லச் சுழன்றது. சுற்றிலும் நூறு விளக்குகள். மேலிருந்து ஓயாமல் பூமாரி.

"நான் போட்டது, மேடம்," என்று நெஞ்சில் கைவைத்தார் சபாபதி. "பத்துமலையில வாங்கின சிடி. ஆள் இல்லாட்டியும் சாமி முழிச்சிருக்கணும்னு புது மெஷின்ல ஏத்தினேன்."

"நான் ஒருக்கா செக் பண்றேன்," என்று ரமணி வழக்கம்போல் அந்த நாற்காலியை இழுத்தான்.

"தொடாதேயும், தம்பி. முதலாளியின்ர மெஷினுக்குப் போய் ஒரு சீட்டைத் திறவும்."

திறந்தான். மறுபடியும் அதே காத்திருப்பு. புனிதவதி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒற்றை விரலால் தங்கமணியின் மௌஸை மெல்ல அசைத்தார். முருகன் மறைந்தார். அங்கே ரமணியின் முன்னாலிருந்த திரையில் சீட்டு சட்டென்று வந்து நின்றது.

"இனி ஒருத்தரும் இதைத் தொடாதேங்கோ."

ஐந்து நிமிடத்தில் மயில் திரும்பி வந்தது. தாமதமும் கூடவே வந்தது.

ஒன்று நாற்பது. புனிதவதி நாற்காலியில் அமர்ந்தார்.

"தங்கமணி எழும்பிப் போனால் அவளின்ர மெஷின் சும்மா கிடக்குது எண்டு நினைச்சீங்கள். அப்பதான் அதுக்குப் பாரமான வேலை. மயிலைச் சுழற்ற வேணும், விளக்கை ஆட்ட வேணும், பூவைக் கொட்ட வேணும். அதுக்கு நடுவில மற்ற மெஷின் வந்து சீட்டுக் கேட்டால் எப்பிடிக் குடுக்கும்?"

"நான் பார்க்கிறப்ப மட்டும் நல்லா ஓடுச்சே, ஆன்டி?" என்றான் ரமணி.

"பார்க்கப் போய் நீர் தொட்டீர். தொட்டால் படம் போயிடும். ஒவ்வொரு முறையும் தடயத்தை அழிச்சவர் நீர்தான். காத்திருக்கிறவனின்ர இடத்தில நிண்டு நீர் ஒருநாளும் அளக்கேல்ல."

"வெள்ளிக்கிழமை?" சபாபதியின் குரல் இறங்கியிருந்தது.

"விரதக்காரி மத்தியானம் சாப்பிடப் போறதில்லை. இருந்து தட்டிக்கொண்டே இருப்பாள். படம் வர வழியில்லை. அவளின்ர பக்தியைக் குற்றத்துக்குச் சாட்சியாக்கினீங்கள். அந்தப் படத்தை ஏத்தினது நீங்கள்தான், சபாபதி. தாமதத்துக்குக் காரணமும் நீங்கள்தான்."

"முருகனா இப்படிப் பண்ணாரு?"

"முருகன் இல்லை. நீங்கள் அவரைக் குடியேத்தின இடம்தான் பிழை. இனி ஒவ்வொரு நாளும் ஒராள் லோரிக்காரர் நிக்கிற பக்கம் நிண்டு அளக்க வேணும். மெஷினுக்குள்ள இருந்து பார்த்தால் எல்லாம் சுகமாத்தான் தெரியும்."

இரண்டு மணிக்குத் தங்கமணி வந்தாள். முதலில் கண்ணில் பட்டது உறை.

"எனக்கா, போஸ்?"

"உனக்குத்தான் எழுதினேன். தப்பு என்னோடது." சபாபதி உறையை இரண்டாகக் கிழித்துப் போட்டார். நடந்ததை ரமணி சொன்னான். தன் அவசரச் சொல்லையும் மறைக்காமல் சொன்னான். அவள் நின்றபடியே கேட்டாள். கண் கலங்கியது.

"சரி, சாமிய என் மெஷினுக்கே மாத்திருவோம்," என்றார் சபாபதி.

"வேணாம், போஸ்," என்றாள் தங்கமணி. "அதுலதான் பிரிண்டர் மாட்டியிருக்கு. சீட்டு திரைக்கு வந்துரும், பேப்பருக்கு வராது."

புனிதவதி சபாபதியைத் திரும்பிப் பார்த்தார். சபாபதி தங்கமணி பக்கம் திரும்பினார்.

"அப்ப எங்க வைக்கிறதுன்னு நீயே சொல்லு, சூப்பர்வைசர்."

தங்கமணி கைப்பையை வைத்துவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சொல்றேன், போஸ். முதல்ல பக்கிரிசாமியோட சீட்டு. வெளிய லோரி இஞ்சின் ஓடிக்கிட்டே நிக்குது."